சனிக்கிழமை டேப்பில் இல்லாத கடைசி வரி

சென்ற மாதம் ஒரு காலையில் செல்வி போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற தனியார் ஆஸ்பத்திரியில் இப்போது கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். பேக்கப் முழுவதையும் வெளியூரில் உள்ள வாடகைச் சேமிப்பகத்துக்கு மாற்றப் போகிறார்கள். அதற்காகப் பழைய கணினியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, ‘வாய்க்கால்’னு ஒரு பைல் கெடக்கு. சைஸ் பூஜ்யம்னு காட்டுது. நீங்க வச்சதுதான? அழிச்சிரவா?”

“அழிச்சிராதம்மா. தினமும் ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரியோட மொத்த டேட்டாவும் அது வழியாத்தான் டேப்புக்குப் போகுது.”

“பூஜ்யம் சைஸ் பைல் வழியாவா?”

விளக்கினேன். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இத எழுதிக் குடுத்துருங்க அண்ணாச்சி. நீங்க வாயால சொன்னா பாதி எனக்குப் புரியல, மீதி உங்களுக்கே புரியல” என்றார். ஆகவே எழுதுகிறேன்.

நான் கணினி படித்து வந்தவன் அல்ல. திருநெல்வேலியில் ஒரு நாளிதழில் ஒன்பது வருடம் பிழை திருத்தினேன். பிறகு அங்கேயே பக்கம் அமைக்கும் கணினிகளைப் பார்த்துக்கொண்டேன். சேர்ந்த புதிதில் ஒருமுறை, ஆடித்தபசுத் திருவிழாவை முன்னிட்டு எங்கள் ஊரான சங்கரன்கோவிலில் எந்தெந்தப் பேருந்து எங்கெங்கே நிற்கும் என்று ஒரு செய்தி வந்தது. ‘விவரம் பின்வருமாறு’ என்ற வரியோடு அது அச்சாகிவிட்டது. அதற்குப் பின் ஒன்றும் வரவில்லை. ஊர் முழுக்கப் பேருந்து தேடி அலைந்தவர்களில் என் மாமனாரும் ஒருவர். அன்றிலிருந்து எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பேன். பிறகு அந்த நாளிதழின் திருநெல்வேலிப் பதிப்பை நிறுத்தினார்கள். நான் சங்கரன்கோவிலுக்குத் திரும்பி, மதுரையில் இரண்டு மாதம் ஒரு வகுப்புக்குப் போய் வந்து, இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். என் பயிற்சி அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஜெயராணி மேடத்திடம் கற்றுக்கொண்டது.

மேடம் கணினிப் பிரிவின் தலைவர். என்னைவிட ஆறு வயது இளையவர். என்னை ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவார். ஆனால் வேலையில் அண்ணாச்சி, தம்பி எல்லாம் கிடையாது. ஏதாவது கோளாறு என்று போய் நின்றால், எழுதிக்கொண்டிருக்கும் பேனாவைக் கீழே வைக்காமலே கேட்பார்.

“என்ன ஆச்சுன்னு சொல்லாதிய. ஸ்கிரீன்ல என்ன எழுதியிருந்துச்சு? அதச் சொல்லுங்க.”

எழுதிக்கொண்டு வரவில்லை என்றால் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஒரு பெரிய டாக்டரையே இரண்டு மாடி திரும்ப ஏற விட்டிருக்கிறார். அவரும் ஏறினார்.

நான் சேர்ந்த மூன்றாம் வருடம் சர்வரில் இடம் தீர்ந்துபோனது. அதுவரை தினமும் நோயாளிகளின் பதிவுகள் முழுவதையும் ஒரு பெரிய கோப்பாக எழுதி வைப்போம். பேக்கப் மென்பொருள் வந்து அந்தக் கோப்பை டேப்பில் ஏற்றும். இப்போது அந்தக் கோப்பை வைக்க இடம் இல்லை. நிர்வாகத்திடம் புது டிஸ்க் கேட்டோம். பார்க்கலாம் என்றார்கள். “அவங்க பாத்துட்டு இருக்கட்டும், நாம இடமே இல்லாம எடுப்போம்” என்று மேடம் சொன்னபோதுதான் நேம்டு பைப் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன்.

எங்கள் ஊரில் விசைத்தறித் தெருக்களில் பகலில் நடந்தால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். மாடியில் நிற்பவர் துணிக்கட்டைக் கீழே போடுவார். லாரியில் நிற்பவர் பிடித்து அடுக்குவார். நடுவில் கட்டை இறக்கி வைக்க இடம் தேவையில்லை. கட்டுகள் கைமாறிக்கொண்டே இருக்கும். நேம்டு பைப்பும் அப்படித்தான். அதற்கு ஒரு கோப்பின் பெயர் உண்டு, எங்களுடையதற்கு நான் ‘வாய்க்கால்’ என்று வைத்தேன், ஆனால் அதில் எதுவும் தங்காது. ஒரு பக்கம் ஒரு நிரல் பதிவுகளைப் போட்டுக்கொண்டே இருக்கும். மறு பக்கம் பேக்கப் மென்பொருள் பிடித்து டேப்பில் அடுக்கிக்கொண்டே இருக்கும். லாரியில் ஆள் இல்லை என்றால் மாடியில் இருப்பவர் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். மாடியில் இருப்பவர் கிளம்பிவிட்டால், சரக்கு தீர்ந்தது என்று லாரிக்காரர் பின்கதவைச் சாத்திவிடுவார். இந்தக் கடைசி வாக்கியத்தை அன்று நான் சரியாகக் கவனிக்கவில்லை.

முதல் நாள் பேக்கப் மூன்று விநாடியில் முடிந்து ‘சக்சஸ்’ என்று காட்டியது. நான் பெருமையோடு போய்ச் சொன்னேன். மேடம் எழுந்து வந்து பார்த்தார்.

“அண்ணாச்சி, வீட்டுச் சாமான ஏத்தச் சொன்னா இது வாசக்கதவோட நீளம் அகலத்த எழுதிட்டு வந்திருக்கு.”

பைப் என்று ஒன்று இருக்கிறது என்ற தகவலை மட்டும் டேப்பில் எழுதிவிட்டு மென்பொருள் போய்விட்டது. அதைத் திறந்து உள்ளே வருவதைப் படி என்று அதன் அமைப்பில் தனியாக ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் அந்த வரியைச் சேர்த்தாயிற்று. பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது. டேட்டா உண்மையிலேயே வருகிறதா என்று எனக்குச் சந்தேகம். பைப்பைத் திறந்து பார்த்தேன். திரையில் நோயாளிகளின் பெயர்கள் கடகடவென்று ஓடின. மனம் நிறைந்து மூடினேன். மறுநாள் மேடம் டேப்பைத் திருப்பி எடுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு துண்டைக் காணோம்.

“எட்டிப் பாத்தியளா?”

“ஒரு நிமிஷம்தான் மேடம்.”

“நடுவுல நின்னு நீங்க ஒரு நிமிஷம் பிடிச்ச கட்டு லாரிக்கு எப்படிப் போவும்?”

அச்சுப் படியை எத்தனை பேர் படித்தாலும் எழுத்து குறையாது. அந்தப் பழக்கத்தில் வந்தவன் நான். பைப்பில் படித்தவர் கையோடு அது போய்விடும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் எல்லாம் சரியாக வந்தது. மேடம் முழுவதையும் வேறொரு கணினியில் திருப்பிப் போடச் சொல்லி, சரிபார்த்து, கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு தினமும் மதியம் இரண்டு மணிக்கு அது தானாக ஓடியது. ‘ஓப்பி’ என்று நாங்கள் சொல்லும் வெளிநோயாளிகள் ஒன்றரைக்குப் போய்விடுவார்கள், மறுபடி ஐந்து மணிக்குத்தான் வருவார்கள். ஆஸ்பத்திரியில் ஆள் நடமாட்டம் குறைவான நேரம் அதுதான். திங்கள் முதல் சனி வரை ஆறு டேப். ஒவ்வொரு வாரமும் அதே டேப்பின் மேல் மறுபடி எழுதுவோம். மறுநாள் காலை நான் அறிக்கையைப் பார்த்து, “சக்சஸ் மேடம்” என்பேன்.

அந்த ஏற்பாட்டில் நான் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்ல வேண்டும். டேட்டாவைப் போடும் நிரல் தினமும் ஒரு எச்சரிக்கை வரியை எழுதும். பாஸ்வேர்டை இப்படிக் கொடுப்பது நல்லதல்ல என்ற அறிவுரை, அவ்வளவுதான். தினமும் அதைப் பார்த்துச் சலித்துப்போய், அந்த நிரல் சொல்லும் பிழைச் செய்தி எதுவானாலும் குப்பைக்குப் போகும்படி, இதையெல்லாம் வரிசையாக ஓட்டும் ஸ்கிரிப்ட்டில் எழுதிவிட்டேன். அறிக்கை பளிச்சென்று ஆனது.

இந்த நேரத்தில்தான் தடுப்பூசிப் பிரிவைக் கணினிக்கு மாற்றினோம். அங்கே நர்சாக சிஸ்டர் மேரி புஷ்பம் இருந்தார். நீளமான நோட்டுகளில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி. எந்த ஊசி எந்தத் தேதியில் போட்டது, அடுத்தது எப்போது என்று சிவப்பிலும் நீலத்திலும் எழுதியிருப்பார். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கமிருந்தும் இளையரசனேந்தல் பக்கமிருந்தும் வரும் தாய்மார்களில் பாதிப்பேர் அட்டையைத் தொலைத்துவிட்டுத்தான் வருவார்கள். சிஸ்டரின் நோட்டுதான் அவர்களுக்கு அட்டை.

“நோட்டு எங்கயும் போவாது அண்ணாச்சி. ஒங்க பெட்டி கரண்டு போனா போயிரும்.”

“போகாது சிஸ்டர். தினமும் டேப்புல எடுக்கோம்.”

“எடுக்கிய. சரி. திரும்பி வருமா?”

“வரும்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

ஒரு வருடம் நோட்டிலும் கணினியிலும் இரண்டிலுமே எழுதினார். பிறகு நோட்டை நிறுத்தினார். “உங்கள நம்பித்தான் நிறுத்துதேன். நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஒரே ஊசிய ரெண்டு தடவ போட்டேன்னா, நேரா உங்க வீட்டுக்குத்தான் வருவேன்” என்றார். புது டிஸ்க் வருவதற்குள் நான்கு வருடத்துக் குழந்தைகள் அந்தச் சர்வரில் மட்டுமே இருந்தார்கள்.

கடைசியில் புது டிஸ்குகள் வந்தன. பழைய நான்கோடு இரண்டைச் சேர்த்து ஒரே அடுக்காக அமைக்க வேண்டும். அமைக்கும்போது பழைய நான்கும் துடைக்கப்படும். பிறகு டேப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மதுரையிலிருந்து பொறியாளர் வருவதாக ஏற்பாடு.

நான் எட்டு மணிக்கே போய்விட்டேன். சனிக்கிழமை அறிக்கையில் ‘சக்சஸ்’ என்று இருந்தது. அதோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கலாம். ஆனால் துடைத்த பிறகு திருத்த முடியாது. பக்கம் அச்சுக்குப் போகும் முன்பு வரும் பழைய அரிப்பு வந்தது. எங்கள் நிரல் எல்லாப் பதிவுகளையும் போட்டு முடித்ததும், கடைசி வரியில் ‘முடிந்தது’ என்று ஆங்கிலத்தில் எழுதி நேரத்தையும் குறிக்கும். டேப்பை மாட்டி, அதே வாய்க்காலை எதிர்த்திசையில் பயன்படுத்தி, வருவதையெல்லாம் விட்டுவிட்டு கடைசி வரியை மட்டும் காட்டும்படி செய்தேன்.

ஒன்றரை மணி நேரம் ஓட வேண்டிய டேப் அரை மணியில் நின்றது. கடைசி வரி ஒரு மருந்துச் சீட்டின் நடுவில் இருந்தது. ‘பாராசிட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, அந்தச் சொல்லின் பாதியிலேயே நின்றுவிட்டது.

பதிவுகள் பகுதிகளின் ஆங்கிலப் பெயர்களின் அகரவரிசைப்படி போகும். மருந்துச் சீட்டு, அதாவது பிரிஸ்கிரிப்ஷன், ‘பி’யில் வரும். தடுப்பூசி, அதாவது வாக்சின், ‘வி’யில், ஏறக்குறைய கடைசியில். அது டேப்புக்கு வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை டேப்பை மாட்டினேன். அதுவும் மருந்துச் சீட்டில் நின்றது. வியாழக்கிழமை டேப்பும் அப்படியே. இப்போது மூன்று நாள் அறிக்கைகளை முழுதாகப் படித்தேன். முதல் வரி சக்சஸ். மூன்றாம் வரியில் மொத்த அளவு இருந்தது. பழைய அறிக்கைகளோடு ஒப்பிட்டால், மூன்று வாரம் முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்குதான். தினமும் முதல் வரியைப் படித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

பத்து மணிக்கு மேடமும் பொறியாளரும் சேர்ந்தே வந்தார்கள். பொறியாளர் பையை இறக்கியதும் வேலையில் இறங்கினார். சுறுசுறுப்பான மனிதர். மத்தியான ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று வந்ததுமே சொன்னார்.

“மேடம், துடைக்கக் கூடாது” என்றேன்.

பொறியாளர் அறிக்கையைப் பார்த்தார். “சார், சக்சஸ்னுதானே போட்டிருக்கு?”

மேடம் என்னைப் பார்த்தார். “என்ன எழுதியிருக்கு?”

“பாராசிட்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்ல மேடம்.”

எல்லாவற்றையும் சொன்னேன், பிழைச் செய்திகளைக் குப்பைக்கு அனுப்பியதையும் சேர்த்து. அந்த வரியை ஸ்கிரிப்ட்டில் விரல் வைத்துக் காட்டினேன். மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“தப்பு வந்தா சொல்லாதன்னு நீங்களே அதுகிட்டச் சொல்லி வச்சிருக்கிய. அது சொன்ன பேச்சக் கேட்டுருக்கு.”

குப்பைக்குப் போகும் வழியை அடைத்துவிட்டு மறுபடி ஓட்டத் தயாரானோம். ஆனால் மூன்று வாரமாக அரை மணியில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஓட்டிப் பயனில்லை. இரண்டு மணிக்குத் தொடங்கி அரை மணி என்றால் இரண்டரை. இரண்டரைக்கு இந்தக் கட்டடத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று மேடம் வரிசையாகப் போன் போட்டுக் கேட்டார். மூன்றாவது போன் எலக்ட்ரீசியன் பால்ராஜுக்கு.

“ரெண்டரைக்கா மேடம்? புது ஜெனரேட்டர தினம் பத்து நிமிசம் ஓட்டணும்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டுப் போனாம்லா? கரண்ட ஆஃப் பண்ணி அதுல மாத்தி ஓட்டுதேன். அப்பந்தான ஓப்பி கெடையாது, யாருக்கும் தொந்தரவு இல்ல.”

“எத்தன நாளா?”

“மூணு வாரமா, ஒரு நாள் தப்பாம.” அவர் குரலிலும் பெருமை இருந்தது.

ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நான் இரண்டு மணியைப் பிடித்தேன். அதே காரணத்துக்காக அவர் இரண்டரையைப் பிடித்தார். சர்வருக்கும் டேப் உள்ள கணினிக்கும் யூபிஎஸ் உண்டு. இரண்டையும் இணைக்கும் சிறிய நெட்வொர்க் பெட்டி முதல் மாடி நடையில் சாதாரணப் பிளக்கில் இருந்தது. கரண்ட் மாறும் சில விநாடிகளில் அது அணைந்து எழும். டேட்டா போடும் நிரல் தொடர்பு அறுந்து நின்றுவிடும். ‘தொடர்பு அறுந்தது’ என்று அது சொன்னது குப்பைக்குப் போனது. மாடியில் ஆள் போய்விட்டார், சரக்கு தீர்ந்தது என்று பேக்கப் மென்பொருள் பின்கதவைச் சாத்தி ‘சக்சஸ்’ எழுதிக்கொண்டது. அதன் மேல் தவறில்லை. அது பிடித்ததையெல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தது.

அந்தப் பெட்டியை யூபிஎஸ்ஸுக்கு மாற்றினோம். ஸ்கிரிப்ட்டை மேடம் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தவைத்தார். இனி பைப்பின் வாயை டேட்டா போடும் நிரல் மட்டும் பிடித்திருக்காது, ஸ்கிரிப்ட்டும் பிடித்திருக்கும். லாரிக்குப் பக்கத்தில் ஒரு மேஸ்திரி நிற்பது மாதிரி. போடுகிறவர் பாதியில் போனால் கதவு சாத்தாது. அவர் வேலையை முடித்துவிட்டுப் போனாரா, மயங்கி விழுந்தாரா என்று மேஸ்திரி முதலில் பார்ப்பார். முடித்துவிட்டுப் போயிருந்தால்தான் வாயை விடுவார். இல்லையென்றால் பேக்கப்பையே நிறுத்தி, தோல்வி என்று எழுதுவார். பிடிக்கிற ஆள் பத்து நிமிடம் வராவிட்டாலும் அப்படியே. தொடங்கும் முன் அந்தப் பெயரில் இருப்பது பைப்தானா, யாராவது தெரியாமல் சாதாரணக் கோப்பை உண்டாக்கி வைத்திருக்கிறார்களா என்றும் பார்ப்பார். செல்வி, ஸ்கிரிப்ட்டில் நீ பார்த்துச் சிரித்த அந்தப் பதினேழு வரிகள் இவைதான்.

பிறகு மறுபடி ஓட்டினோம், பன்னிரண்டே முக்காலுக்கு டேப் எழுதி முடிந்தது. கடைசி வரி இருந்தது. பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இப்ப ஆரம்பிக்கலாமா மேடம்?”

“திருப்பிப் போட்டுப் பாத்துட்டு.”

“அதுக்கே மூணு மணி நேரம் ஆகுமே.”

“ராத்திரி வரைக்கும் பஸ் இருக்கு சார். சாப்பிட்டுட்டு வாங்க.”

ஸ்கேன் அறைக்கு அந்த மாதம்தான் வந்திருந்த பெரிய கணினியைக் கடன் வாங்கி, டேப்பை அதில் திருப்பிப் போடத் தொடங்கினோம். பிறகு மேடம் என்னிடம், “சிஸ்டர் புஷ்பத்துக்குப் போன் பண்ணி வரச் சொல்லுங்க” என்றார். என்னென்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். “நடந்ததச் சொல்லுங்க” என்றார்.

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு மதியச் சாப்பாட்டில் இருந்தவர், பூப்போட்ட சேலையிலேயே வந்தார். நடந்ததைச் சொன்னேன். மூன்று வாரமாக டேப்பில் அவருடைய பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை என்பதையும் சொன்னேன். “சத்தியம்னு சொன்னிய” என்றார்.

“சொன்னேன் சிஸ்டர்.”

“வீட்டுக்கு வாரேன்னு சொல்லியிருந்தேன். நீங்களே கூப்பிட்டுட்டிய. பஸ்ஸு காசு மிச்சம்.”

சொல்லிவிட்டுக் கணினி அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இரண்டரைக்குப் பால்ராஜ் கையைத் துடைத்துக்கொண்டே நடையில் வந்தார்.

“ஏலே பால்ராசு, எங்க போற?”

“ஜெனரேட்டருக்கு, சிஸ்டர்.”

“இன்னைக்கு அது கிட்டப் போன, எல்லாப் பிள்ளைக்கும் போட வேண்டிய ஊசிய ஒனக்கே போட்டுருவேன்.”

பெட்டி யூபிஎஸ்ஸில்தான் இருக்கிறது, இப்போது ஓட்டினாலும் பாதகமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மேடம் கண்ணைக் காட்டினார். பால்ராஜ் திரும்பிப் போய்விட்டார்.

நான்கு மணிக்குத் திருப்பிப் போடுவது முடிந்தது. சிஸ்டரை உட்காரவைத்து, தடுப்பூசிப் பகுதியைத் திறந்தோம். அவர் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. ஆட்களைத் தேடினார். நோட்டை நிறுத்திய வாரத்தில் வந்த முதல் குழந்தை. இரட்டையரில் ஒன்றுக்கு ஊசி போட்டு மற்றதற்குக் காய்ச்சல் என்று தள்ளிப்போட்ட நாள். பெயர் வைக்காமலே மூன்று முறை வந்துபோன பையன். நேற்று ஒன்றேகாலுக்கு, ஓப்பி முடியும் நேரத்தில், இளையரசனேந்தலிலிருந்து ஓடி வந்த தாயின் பெண் குழந்தை. ஒவ்வொன்றுக்கும் தேதியை வாய்க்குள் சொல்லிவிட்டுத்தான் திரையைப் பார்த்தார்.

பொறியாளர் சர்வரின் விசைப்பலகையில் கையை வைத்துக் காத்திருந்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் சிஸ்டரைப் பார்த்தார்.

“நீங்க சொன்னாத்தான் சிஸ்டர் துடைக்கணும்.”

“நான் எதுக்கு மேடம் சொல்லணும்? கம்ப்யூட்டரப் பத்தி எனக்கு என்ன தெரியும்?”

“கம்ப்யூட்டரப் பத்திக் கேக்கல. பிள்ளைகளப் பத்திக் கேக்கேன்.”

சிஸ்டர் திரும்பவும் திரைக்குப் போனார். மேலிருந்து கீழ்வரை ஒருமுறை, கீழிருந்து மேல்வரை ஒருமுறை. நாங்கள் நான்கு பேரும் நின்றுகொண்டிருந்தோம், எப்போதோ திரும்பி வந்து கதவோரம் நின்ற பால்ராஜையும் சேர்த்து. சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி, சேலை முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

“எல்லாரும் இருக்காவ” என்றார். “துடைங்க.”